தமிழ்த் திரையின் முதல் கதாநாயகி



நம் தோட்டத்துத் திருவிழா நாடகங்களில் ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகள்தான் சேலை கட்டி வள்ளியாக ஆடினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பொம்பளைப் பிள்ளை மேடை ஏறினால் ஊர் என்ன பேசுமோ என்ற பயமே காரணம். அந்தப் பேச்சுக்கு அஞ்சாதவர் டி. பி. ராஜலட்சுமி.

1911-இல் திருவையாற்றில் பிறந்தார். விவரம் தெரியாத வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள், அது நிலைக்கவில்லை. அழுது கொண்டு மூலையில் உட்காராமல் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாட்டும் நடிப்பும் கற்றுப் பேர் வாங்கினார்.

1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் கதாநாயகி இவரே. வேடிக்கை என்னவென்றால், இவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்!

எகிப்தில் 1927-இலேயே அஸீஸா அமீர் என்னும் நடிகை ‘லைலா’ படத்தைத் தயாரித்து நடித்திருந்தார். நம்மவரோ 1936-இல், தாம் எழுதிய நாவலையே ‘மிஸ் கமலா’ என்று படமாக்கி, தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே.

1964-இல் அவர் மறைந்தார். ‘காளிதாஸ்’ படச்சுருளும் இன்று இல்லை. ஆனால் அவர் திறந்த வழி அடைபடவில்லை. பெற்றோர்களே, பரிசு வாங்க இன்று மேடை ஏறும் உங்கள் மகளை நாளைக்கு, “போதும், வீட்டில் இரு” என்று நிறுத்தி விடாதீர்கள்!