கண்மணியில் தோன்றும் வெண்மை

கைக்குழந்தையின் கண்மணியில் வெண்மை தோன்றினால், 'பூ விழுந்திருக்கிறது' என்று காலங் கடத்துவோர் உண்டு. அது விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் 1809-இல் இந்நோயைத் தனி நோயாக விளக்கினார். நோயுற்ற கண்ணை விரைந்து அகற்றினால் உயிர் பிழைக்கும் என்றார். அறுவைக்கு மயக்க மருந்து வழங்காத காலம் அது! பத்தாண்டுக்குப் பின், 1819-இல், சென்னையில் கண் மருத்துவமனை தோன்றியது. இன்று எழும்பூரில் விளங்குவது அதுவே. கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் அளித்தார். பின்னர்க் கதிர்வீச்சு, லேசர், குளிர்ச் சிகிச்சை, புற்றுநோய் மருந்துகள் ஆகியன வந்தன. 1986-இல் நோய்க்குரிய மரபணுவும் பிரித்தறியப்பட்டது. இன்று பல குழந்தைகளுக்கு உயிரோடு கண்ணும் காக்கப்படுகிறது.

எனினும் வார்ட்ராப் வலியுறுத்திய விரைவின் தேவை மாறவில்லை. தாமதித்தால் நோய் பார்வை நரம்பின் வழியே மூளையை எட்டும். சில குடும்பங்களில் இது மரபாகவும் வருவதால், உடன்பிறந்த குழந்தைகளையும் சோதிக்க வேண்டும்.

கொச்சியை அடுத்த கும்பளங்கியிலாயினும் தொலைவிலுள்ள டில்லியிலாயினும், வெளிமாநிலத்தில் வாழும் நாம், வெண்மையோ மாறுகண்ணோ கண்டால், ஊர் திரும்பும் விடுமுறைவரை காத்திராமல், அருகிலுள்ள கண் மருத்துவரை உடனே நாடுவோமாக.