1962 அக்டோபர்: ஒரு சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை

படிக்கிற புத்தகங்களில் தேதி வந்தால் அதை ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றிவைக்கும் பழக்கம் எனக்குப் பல வருஷமாக உண்டு. 'இந்த வாரம் வரலாற்றில் என்ன நடந்தது' என்று புரட்டிப் பார்க்கத்தான். இந்திய-சீனப் போருக்கு ஒரு ஷீட், கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு இன்னொன்று. போன வாரம் இரண்டையும் ஒன்றாக்கித் தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து வந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டையும் தனித்தனியாகப் பல தடவை படித்தவன்தான். ஆனால் இரண்டும் ஒரே வாரம் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

அக்டோபர் 20, சனிக்கிழமை விடியற்காலை. நம்கா சூ ஆற்றங்கரையில் இருந்த நம்ம 7வது பிரிகேட் மீது சீனப் பீரங்கிகள் முழங்கின. சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறிவிட்டது. லடாக்கில் மேஜர் தன்சிங் தாபாவின் சிரிஜாப் காவல்நிலையும் அன்றுதான் விழுந்தது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துப் பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். மனுஷன் சீனாவில் போர்க்கைதியாக உயிரோடு இருந்தார்!

அதே தேதியில் அமெரிக்காவில், சிகாகோவில் தேர்தல் பிரசாரத்தில் இருந்த கென்னடி, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாஷிங்டன் திரும்பினார். சளி பொய். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது அவருக்கு 16ஆம் தேதியே தெரியும். அந்த நேரம் டெல்லியில் நம்ம படைத்தளபதி கவுல் நோயாளியாகப் படுத்திருந்தார். அது நிஜமான நோய், மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் வந்தது.

22ஆம் தேதி நேரு வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். அன்றிரவு கென்னடி தொலைக்காட்சியில் பேசிக் கியூபாவைச் சுற்றிக் கடல் முற்றுகை அறிவித்தார். நம்ம கடிகாரத்தில் அது 23 அதிகாலை நாலரை மணி. டைம்ஸோன் விஷயத்தில் தொழில்முறையாக அடிபட்டவன் என்பதால் இதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

சரி, இது வெறும் தற்செயலா? சீனா, கியூபாவைப் பார்த்துத்தான் நாள் குறித்தது என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பனி கொட்டி மலைக்கணவாய்கள் மூடுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதே போதுமான காரணம். தவிர, பீஜிங் முடிவெடுத்தது கென்னடி உலகத்துக்குச் சொல்வதற்குப் பல நாள் முன்பே.

ஆனால் விளைவு தற்செயல் இல்லை. 25ஆம் தேதி பிராவ்தா தலையங்கத்தைப் பாருங்க. அதுவரை இரண்டு பக்கமும் சாயாமல் இருந்த மாஸ்கோ, நமக்கு மிக் விமானம் தர ஒப்புக்கொண்டிருந்த மாஸ்கோ, மக்மகான் கோடு பிரிட்டிஷ்காரர்கள் திணித்தது என்ற தொனியில் சீனாவின் பேச்சுவார்த்தை யோசனையை ஆதரித்தது. அமெரிக்காவோடு அணுப்போர் வாசலில் நிற்கும் குருஷேவுக்குச் சீனாவின் துணை வேண்டியிருந்தது. விலை கொடுத்தது நாம். அதற்குள் தவாங்கும் கைவிட்டுப் போயிருந்தது.

இன்னொரு பக்கம், டெல்லியில் அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த். வாஷிங்டன் முழுக்கக் கியூபாவில் மூழ்கியிருந்ததால் அவருக்கு மேலிடத்திலிருந்து வழிகாட்டலே வரவில்லை. இதை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்திய எல்லையில் ஒரு போர். அதைக் கவனிக்க அமெரிக்கத் தரப்பில் இருந்தவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர்! மக்மகான் கோட்டை அமெரிக்கா அங்கீகரிப்பதாகப் பகிரங்கமாகச் சொல்ல வைத்தது, அந்த வாரம் அவர் செய்த உருப்படியான காரியம்.

அந்த அறிவிப்பு வந்தது 27, அடுத்த சனிக்கிழமை. அன்றுதான் கியூபா மேல் பறந்த யு-2 உளவு விமானம் சுடப்பட்டு மேஜர் ஆண்டர்சன் இறந்தார். இன்னொரு யு-2 வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. கடலுக்கடியில் பி-59 நீர்மூழ்கியில் கேப்டன் சாவிட்ஸ்கி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொல்ல, கூட இருந்த ஆர்கிபோவ் அவரைச் சமாதானப்படுத்தியதாக அதே கப்பலில் இருந்த ஓர்லோவ் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். நவம்பர் முதல் வாரத்தில் பிராவ்தாவும் பழைய நடுநிலைத் தொனிக்கு வந்துவிட்டது. தேவை முடிந்தது, இல்லையா?

எங்க பாட்டி யுத்த நிதிக்கு ஒரு ஜோடி வளையல் கழற்றிக் கொடுத்ததை எங்க வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கியூபா என்று ஒரு ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

முடிவும் சேர்ந்தேதான் வந்தது. கென்னடி கடல் முற்றுகையை விலக்குவதாகச் சொன்னது நவம்பர் 20. சீனா தானாகவே போர்நிறுத்தம் செய்தது 21. ஷீட்டில் அடுத்தடுத்த வரிகள்.