துவக்கின் பின்னுள்ள கண்: சுடும் விளையாட்டுகளின் வரலாறு

போரை விளையாட்டாக்கிக் காணுதல் மக்களுக்குப் புதிய வழக்கமன்று. சதுரங்கம் என்னும் பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையுறுப்பையும் குறிப்பது. ஆயின், சதுரங்கம் ஆடுவோன் களத்தின் நடுவே நிற்பவனல்லன். பலகையின் மேற் குனிந்து, இருதிறப் படையையும் ஒருங்கே நோக்கி, வேண்டுமிடத்து ஒரு காயை வெட்டுண்ணக் கொடுப்பவன். அரசனுக்கும் மேலான இடம் அவனுடையது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கணினி கொணர்ந்த விளையாட்டுவகைகளுள் ஒன்று இவ்விடத்தை மாற்றியது. அஃது ஆடுவோனை மேலிடத்தினின்றும் இறக்கிக் காலாளின் தலைக்குள்ளே புகுத்திற்று. திரையில் விரிவது அவன் காணும் களம். திரையின் அடியில் நீண்டு தெரிவது அவன் ஏந்திய துவக்கு. தெரியாதிருப்பது அவன் முகம்.

ஆங்கிலத்தார் இதனைத் 'தன்மையிடத்துச் சுடும் விளையாட்டு' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று வகுத்த தமிழிலக்கண மரபில் வந்தோர்க்கு அப்பெயர் விளக்கம் வேண்டாதது. அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. தன்மை இருக்கின்றது, சுடப்படுவோன் படர்க்கையாய் இருக்கின்றான், முன்னிலை எங்கே? இவ்விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் கூறுங் குறை பெரும்பாலும் குருதியைப் பற்றியது. ஆடித் தேர்ந்தவர் கூறுங் குறையோ வேறு. எதிரில் நிற்போன் ஆளா, வெறும் இலக்கா என்பதே அவர்தம் திறனாய்வின் அடிநிலை. இவ்வகை விளையாட்டின் ஐம்பதாண்டு வரலாற்றை அவ்வினாவைக் கைக்கொண்டு நோக்குதல் தகும்.

தொடக்கத்தில் இவ்விளையாட்டிலே போர் இல்லை. 1973ஆம் ஆண்டளவிற் கலிபோர்ணியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்திற் பணிபுரிந்த ஸ்டீவ் கோலி முதலிய இளைஞர், இம்லாக் என்னும் கணினியின் திரையிற் கோடுகளாலாகிய சுவர்களை வரைந்து, வழி சுழன்று செல்லும் ஒரு கூடத்தை அமைத்தனர். அதனுட் புகுந்து வெளியேறும் வழி காண்பதே விளையாட்டு. சில நாளில் அது சலித்தது. இரு கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஒரே கூடத்தினுள் இருவரை நடமாடவிட்டனர். ஒருவரையொருவர் காணும் வாய்ப்பு வந்ததும், சுடும் வாய்ப்பும் உடன் வந்தது. 'மேஸ் வார்' எனப் பெயர்பெற்ற அவ்விளையாட்டிலே எதிராளி மனித உருவாய்த் தோன்றவில்லை. ஒரு பெரிய கண்விழியாய்த் தோன்றினான். வரைதற்கு எளிதென அவ்வுருவைத் தெரிந்திருத்தல் கூடும். எனினும் இவ்வகையின் தொடக்கத்திலேயே பார்வை ஒன்றே ஆளாக நின்றது குறிக்கத்தக்கது. அக்கண்ணின் பின்னே மற்றொரு கணினியின்முன் நண்பன் ஒருவன் அமர்ந்திருந்தான் என்பதும் மறக்கத்தக்கதன்று.

படைத்துறை இதன் பயனை விரைவில் உணர்ந்தது. 1980இல் அட்டாரி நிறுவனம் 'பற்றில்சோன்' என்ற தாங்கிப் போர் விளையாட்டை வெளியிட்டபோது, அமெரிக்கத் தரைப்படையினர் தம் பிராட்லி கவசவண்டியின் சுடுநரைப் பயிற்றுதற்கு அதனைத் திருத்தித் தருமாறு கேட்டனர். விளையாட்டை இயற்றிய எட் ரொட்பேர்க் அதற்கு விரும்பி இசைந்தாரல்லர். படைத்துறைப் பணியில் இனி ஒருபோதும் தம்மை ஈடுபடுத்தலாகாது என்ற உறுதியின் பேரிலேயே அதனை முடித்துக் கொடுத்தார். அப்பயிற்சிப் பொறி பெருமளவிற் செய்யப்படவில்லை. ஆயினும், விளையாட்டை ஆக்கியோனே அதன் பயனைக் குறித்து முதல் ஐயத்தை எழுப்பினான் என்பது இவ்வரலாற்றில் நினைவு கூரத்தக்க செய்தி.

இவ்வகையை உலகறியச் செய்தோர் அமெரிக்காவின் ஐடி சொவ்ற்வெயார் என்னும் சிறு நிறுவனத்தார். 1992 மே மாதத்தில் வெளிவந்த 'வுல்பன்ஸ்ரைன் 3டி' நாசிக் கோட்டையொன்றிலிருந்து தப்பும் கைதியின் கதை. 1993 டிசம்பர் 10ஆம் நாள் வெளிவந்த 'டூம்' செவ்வாய்க்கோளின் துணைக்கோளிலே பேய்களைச் சுட்டு வீழ்த்தும் கதை. பகைவனாக நாசியையும் பேயையும் தெரிந்துகொண்டது தற்செயலன்று. கொல்லப்படுவோனைப் பற்றி இருமுறை எண்ணவேண்டாத பகை அது. ஆயினும் சட்டம் எண்ணியது. நாசிச் சின்னங்களைக் காட்டியமை பற்றி 1994இல் ஜேர்மனியில் வுல்பன்ஸ்ரைன் பறிமுதல் செய்யப்பட்டது. அத்தகைய சின்னங்களை விளையாட்டில் முற்றாக விலக்காது, ஒவ்வொன்றாக ஆய்ந்து முடிவு செய்யும் வழக்கம் அந்நாட்டில் 2018இலேயே வந்தது.

டூம் விளையாட்டின் பெருமை அதன் வேகத்திலும் ஒளிநிழலிலும் உள்ளது என்பர் ஆடினோர். கதை அதில் மெலிது. அதனைக் குறையாகக் கருதினாரும் சிலரே. அதன் களங்களைப் பிறர் மாற்றியமைக்க இயற்றியோர் வழிவிட்டிருந்தமையால், ஆடுவோர் பலர் ஆக்குவோர் ஆயினர். அவ்வழியே 1996இல் அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவினரும் நுழைந்தனர். பேய்களை நீக்கிப் படைவீரரை வைத்து, நால்வர் கொண்ட சிறுகுழு இணைந்து செயற்படப் பயிலும் களமாக டூமின் இரண்டாம் பாகத்தை மாற்றிக்கொண்டனர். அட்டாரியின் காலத்தில் இயற்றியவர் தயங்கிய வாயிலில், பதினைந்தாண்டு கழித்துத் தயங்குவோர் எவருமில்லை.

1998இல் வால்வ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்' கதையை ஆடுவோன் கண்ணினின்றும் ஒருகணமும் விலகாது நடத்திக் காட்டிற்று. அதன் தலைவன் ஒரு பௌதிகவியலாளன். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு சொல்லும் பேசாதவன். அவ்விளையாட்டையே அடியாகக்கொண்டு மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவ இளைஞர் 1999இல் ஆக்கியது 'கவுன்ரர் ஸ்ரைக்'. ஆடித் தேர்ந்தோர் இன்றளவும் இதனை உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இதிலே சுற்றின் நடுவில் இறந்தவன் உடனே எழமாட்டான். அச்சுற்று முடியும்வரை பார்வையாளனாய்க் காத்திருத்தல் வேண்டும். ஆதலின் சாவுக்கு இங்கு விலை உண்டு. 2005இல் வந்த 'கோல் ஒவ் டியூட்டி'யின் இரண்டாம் பாகம் முதலாகப் பரவிய வழக்கத்தை இதனோடு ஒப்பிடுக: குண்டுபட்டவன் சுவரோரத்திற் சில நொடி ஒதுங்கி நின்றால் புண் தானே ஆறிவிடும். போரைப் போலவே காட்டுகின்றோம் என்று விளம்பரம் செய்த விளையாட்டுகள் புண்ணை மட்டும் பொய்யாக்கியது நகைப்புக்குரியது. வைத்தியசாலைக் கட்டிலில் மாதக்கணக்காகக் கிடந்தோரைக் கண்ட ஊர்களிலே இது கசப்பான நகைப்பு.

கவுன்ரர் ஸ்ரைக்கில் இருபக்கம் உண்டு. ஒன்று பயங்கரவாதிகள் பக்கம். மற்றையது அவரை ஒடுக்குவோர் பக்கம். போட்டியாட்டத்தின் பாதியில் இருசாராரும் பக்கம் மாறுவர். சற்றுமுன் வெடிகுண்டை வைத்தவன் இப்போது அதனைச் செயலிழக்கச் செய்வான். பெயர் எவர்மேல் ஒட்டப்பட்டுள்ளது என்பது அரைநேரக் கணக்காகிவிடுகின்றது.

ஊர் இருகூறாகப் பிரிந்து ஆடும் முறையைக் கிழக்கிலங்கைக் கரையோரத்தார் நன்கறிவர். மட்டக்களப்புத் தமிழகத்திலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரியார் கோவலன் பக்கத்தார். தென்சேரியார் கண்ணகி பக்கத்தார். வைரம் பாய்ந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இருசாராரும் இழுப்பர். கொம்பு முறியப்பெற்றவர் தோற்றவர். அவரை வென்றவர் வசைப்பாட்டாற் பழிப்பர். தம்பிலுவிற் கண்ணகியம்மன் கோயில் போன்ற தலங்களைச் சூழ்ந்து வளர்ந்த இவ்வழிபாட்டு மரபை, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' விரித்துரைக்கும். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டில் இதனையொத்த அங்கெலிய உண்டு. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலேயே இத்தகைய இழுவிளையாட்டு குறிக்கப்பட்டுள்ளது. இங்குப் பக்கம் மாறுதல் இல்லை. சேரி குடிவழி வருவது. எனினும் எதிரே வடம் பற்றியவன் முகமுடையவன், பெயருடையவன், நாளை வயல் வரம்பிற் காணப்போகும் அயலான். வசையும் அவனைப் பார்த்தே பாடப்படும். வசை என்பது முன்னிலைப் பேச்சு. முறிவது கொம்பு.

முன்னிலையை முற்றாக ஒழித்த விளையாட்டு எதுவெனின், 2002 யூலை 4ஆம் நாள் அமெரிக்கத் தரைப்படையே இலவசமாக வெளியிட்ட 'அமெரிக்காஸ் ஆமி' எனலாம். படைக்கு இளைஞரை ஈர்த்தலே அதன் நோக்கம்; அதனை அவர் மறைத்தாருமில்லர். இணையவழியே இரு குழுவினர் மோதுவர். அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. எக்குழுவில் நிற்பவனும் தன் திரையிலே தன்னையும் தன் தோழரையும் அமெரிக்க வீரராகவே காண்பான். எதிர்க்குழுவினர் அவனுக்குப் பகைவராகத் தோன்றுவர். அதே நேரத்தில் அப்பகைவர் தத்தம் திரையிலே தம்மை அமெரிக்க வீரராகவும், இவனைப் பகைவனாகவும் காண்பர். எவரும் எக்காலத்தும் பகைவனாக நிற்கவேண்டியதில்லை. கவுன்ரர் ஸ்ரைக் தற்செயலாகக் கற்பித்த பாடத்தை இது திட்டமிட்டு நீக்கிற்று. ஐம்பதாண்டு வரலாற்றிலே மிகவும் கவலைக்குரிய கண்டுபிடிப்பு யாதெனின், குருதியுமன்று, வெடியோசையுமன்று, இக்கண்கட்டேயாம்.

இதற்கு மறுப்பும் விளையாட்டின் உள்ளிருந்தே எழுந்தது. நெவாடாப் பல்கலைக்கழகத்திற் கலை கற்பித்த ஜோசப் டிலாப் 2006இல் அக்களத்தினுள் நுழைந்தார். துவக்கைக் கீழே போட்டுவிட்டு அசையாது நின்றார். ஆடுவோர் தம்முட் செய்தி பரிமாறுதற்கென இருந்த எழுத்துவழியில், ஈராக் போரில் இறந்த அமெரிக்க வீரரின் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த நாள் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பொறித்தார். அவரது உரு சுடப்பட்டு விழும். அடுத்த சுற்றில் மீண்டும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். அமெரிக்கப் படை ஈராக்கைவிட்டு நீங்கிய 2011வரை இதனைச் செய்தார். எரிச்சலுற்ற ஆட்டக்காரர் பலர் அவரை வெளியேற்றினர். சிலர் அப்பெயர்கள் உண்மைதானா என்று வினவினர். வினவிய அக்கணத்திலே முன்னிலை திரும்பி வந்தது. அவர் பொறித்த பெயர்கள் அமெரிக்கரின் பெயர்களே. ஈராக்கியரின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை. அக்களத்தில் ஒலிக்கக்கூடிய மறுப்பும் அவ்வளவினதே போலும்.

இலங்கையில் 1983 முதல் நீடித்த உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் 'மொடேர்ண் வோர்பெயார் 2' வெளிவந்து, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமாக முதல் நாளிலேயே 47 இலட்சம் படிகள் விற்றது. அதன் களங்களுள் ஒன்று கராச்சி நகரம். அந்நகரத்துச் சுவர்களிலும் கடைகளிலும் எழுதப்பட்டிருந்தது உருதுவன்று, அரபு. கராச்சி மக்கள் உருது பேசுவோர் என்பதை அறிய ஒரு நாட்பொழுது போதும். பெரும்பொருள் செலவிட்டு ஒரு துவக்கின் விசை, தாழ், ஓசை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தோர்க்கு அந்நாட்பொழுது கிட்டவில்லை. அரபெழுத்து வேறு, அரபுமொழி வேறு என்பது கல்முனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிற் சிறுவரும் அறிந்த செய்தி. தமிழையே அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தோர் வழிவந்தவர் அவர். பகைவனின் ஊர் எங்கோ ஒரு வெப்பநாடு, அவன் மொழி ஏதோ ஒரு புரியாத எழுத்து என்னும் அளவிற் படர்க்கை அங்கு சேய்மைப்பட்டுப்போயிற்று.

இவ்விளையாட்டுகள் ஆடுவோரைக் கொலைஞராக்கும் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. சிறுவர்க்கு இவற்றை விற்றலைத் தடுத்த கலிபோர்ணியாச் சட்டத்தை அமெரிக்க உயர்நீதிமன்றம் 2011இல் செல்லாதென்றது. வன்செயலுக்கு இவையே காரணம் எனக் கூறப் போதிய சான்றில்லை என்றும், கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு உண்டு என்றும் அமெரிக்க உளவியற் சங்கம் 2020இல் அறிவித்தது. அயல்நாடாகிய இந்தியாவில் 'பப்ஜி' பட்ட பாடு வேறுவகையது. நூறு பேர் ஒரு தீவிலிறங்கி ஒருவர் எஞ்சும்வரை பொருதும் அவ்விளையாட்டை ஆடினமைக்காக 2019 மார்ச்சில் ராஜ்கோட் நகரில் மாணவர் கைதாயினர். 2020 செப்டெம்பரில் நாடு முழுவதும் தடை வந்தது. கூறப்பட்ட காரணம் வன்முறையன்று, தகவற் பாதுகாப்பு. 2021இல் வேறு பெயரோடு மீண்டபோது, குருதி பச்சை நிறமாக மாற்றப்பட்டிருந்தது. 'கொன்றான்' என்ற சொல்லின் இடத்தில் 'முடித்தான்' எனப் பொருள்படுஞ் சொல் வந்திருந்தது. பின்னும் 2022இல் தடையுண்டு, 2023இல் மீண்டது. நிறத்தையும் சொல்லையும் திருத்தினோர், ஆடுவோன் கண்ணை வைத்த இடத்தைத் தொடவில்லை.

அவ்விடத்தைத் தொட்டோர் போலந்து நாட்டினர். வார்சோ நகரத்து 11 பிற் ஸ்ரூடியோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒவ் மைன்' தன்மையிடத்துச் சுடும் விளையாட்டன்று. அவ்வகைக்கு எழுதப்பட்ட மறுமொழி. 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்ட சரஜேவோ நகரத்து வாழ்வை அடியொற்றியது அது. ஆடுவோனிடம் ஒப்படைக்கப்படுவோர் படைவீரரல்லர். இடிந்த வீட்டினுள்ளே ஒதுங்கிய சில குடிமக்கள். பகலில் தெருவிலே குறிசுடுநர் உளர். ஆதலின் வெளியே செல்லலாகாது. இரவிலே ஒருவர் மட்டும் சென்று உணவும் மருந்தும் விறகும் தேடவேண்டும். மருந்து இருப்பது முதியோர் இருவரின் வீட்டிலாயின், அதனை எடுப்பதா விடுவதா என்பதை ஆடுவோனே முடிவு செய்யவேண்டும். எடுத்து வந்தவன் அடுத்த நாள் உண்ண மறுத்து மூலையில் அமர்ந்திருப்பான். புண் இங்கே தானே ஆறாது. 2020இல் போலந்து அரசு இதனை உயர்நிலைப் பள்ளி மாணவர் விரும்பிப் பயிலத்தக்க நூல்களின் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. வரலாறு, அறவியல், சமூகவியல், மெய்யியல் ஆகிய பாடங்களின் ஆசிரியர் அதனை வகுப்பிற் பயன்படுத்தலாம் என்பது அவ்வறிவிப்பு.