கிருபை என்ற சொல் கல்முனைக்கு வந்த வழி

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணக் கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், இறைவனின் இரக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை அதில் பெரும்பாலும் காணலாம். சைவ வீட்டார் ‘திருவருள்’ என்பர். முஸ்லிம் வீட்டார் ‘அல்லாஹ்வின் கிருபையால்’ என்பர். கிறிஸ்தவ வீட்டார் ‘தேவ கிருபையால்’ என்பர். கிருபை என்ற இந்தச் சொல்லையே தமது போதனையின் நடுத்தூணாக நிறுத்தியவர்கள் லுத்தரன் சபையார். கல்முனையில் கிறிஸ்தவர் என்றால் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும்தான் நினைவுக்கு வருவர். லுத்தரன் என்ற பெயர் பலருக்குப் புதிது. ஆயினும் அவர்களுடைய போதனை எங்கள் கரையைத் தொட்டிருக்கிறது. அது வந்த வழியையே இன்று நோக்குவோம்.

1517 ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் என்ற துறவி தம் திருச்சபையோடு வாதுக்கு நின்றார். பாவமன்னிப்புக்குப் பணம் பெறும் வழக்கம் அந்த வாதத்தின் தொடக்கம். பவுல் எழுதிய நிருபங்களை ஆராய்ந்து அவர் கண்ட முடிபு இதுதான்: மனிதன் தன் நற்செயல்களைக் காட்டி இறைவனிடம் மீட்பை வாங்க முடியாது. அது இலவசமாக அருளப்படுவது. விசுவாசம் என்பது அதை ஏற்க நீட்டும் வெறுங்கை. வாங்கியவனுக்குத் தன்னைப் பற்றிப் பெருமை பேச எதுவும் இல்லை. ஆகவே தாழ்மை அவனுக்கு இயல்பாக வரவேண்டும். கிருபை, விசுவாசம், தாழ்மை என்ற மூன்றும் ஒரே சங்கிலியின் வளையங்கள்.

இப்போதனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலையில் தம் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. ஒரு முதிய தமிழ் வாத்தியாரின் திண்ணைப் பள்ளியிலே சிறுவர்களோடு சிறுவராய் இருந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். கற்பிக்க வந்தவர் முதலிலே மாணவரானார். தாழ்மையைப் பற்றி அவர் செய்த முதற் பிரசங்கம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

1708 இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியிலே டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் அங்கே கிடந்தார். மொழிபெயர்ப்பு 1711 இல் முடிந்தது. இலண்டனிலிருந்து அச்சியந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர, 1715 இல் நூல் முழுமையாக வெளிவந்தது. லூதரின் சிறிய ஞானோபதேசத்தையும் அவர் தமிழாக்கினார். 1719 இல், 36 வயதிலே மறைந்தார்.

இங்கே ஒரு கிளைக்கதை உண்டு. சீகன்பால்குவும் புளுட்சோவும் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலமாக்கப்பட்டு 1709 இல் இலண்டனில் நூலாயின. இங்கிலாந்தின் எப்வேர்த் என்ற சிற்றூரில் ஒரு குருவானவரின் மனைவி அதனைப் படித்தார். அவர் பெயர் சுசன்னா உவெஸ்லி. தரங்கம்பாடிக் கடிதங்கள் அவர் உள்ளத்தை உலுக்கின. கணவர் இலண்டன் சென்றிருந்த அக்காலத்தில், பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் தனித்தனியே இருந்து இறைகாரியம் பேசலானார். ஞாயிறு மாலைகளில் வீட்டிலே வாசிப்பும் நடத்தினார். கேட்க வந்தோர் 200 பேருக்கு மேலானார்கள் என்று 1712 பெப்ரவரியில் கணவருக்கு எழுதினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர், அப்போது எட்டு வயதுச் சிறுவன் ஜோன் உவெஸ்லி.

அந்தச் சிறுவன் வளர்ந்து குருவானவர் ஆன பின்பும் மன அமைதி காணாது அலைந்தார். 1738 மே 24 மாலை இலண்டன் ஓல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சிறு கூட்டத்துக்குச் சென்றார். உரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்த உவெஸ்லியின் நெஞ்சிலே ஒரு கதகதப்புப் பரவியதாம். அதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மெதடிஸ்த இயக்கத்தின் திருப்புமுனை அது.

அந்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். தலைவர் தோமஸ் கோக் கடலிலேயே இறந்தார். வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் பயணத்திலேயே மாண்டார். தனித்துவிட்ட ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, பாடசாலைகளைத் தொடங்கி, 1815 ஏப்ரலில் அந்த மண்ணிலேயே மறைந்தார். அம்பாறை மாவட்டம் 1961 இல் தனியாகும்வரை கல்முனையும் மட்டக்களப்பைச் சேர்ந்ததே. மெதடிஸ்தர் கல்முனையிலும் பாடசாலை கண்டனர். காரைதீவிலே 1892 இல் பிறந்து, பின்னாளில் யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் அங்கே படித்தவர். தரங்கம்பாடி மணலில் தொடங்கிய எழுத்து, எப்வேர்த்தும் இலண்டனும் சுற்றி, மீண்டும் தமிழ் மணலுக்கே வந்து சேர்ந்தது.

வழியைப் பார்த்தோம், இனிச் சொல்லைப் பார்ப்போம். தரங்கம்பாடியார் வழியிலே சென்னையில் பணியாற்றிய பப்ரிசியஸ் 1772 இல் வெளியிட்ட புதிய ஏற்பாடு லுத்தரன் சபையாரின் உயிர்நூலாயிற்று. கிருபை, விசுவாசம் என்ற சொற்கள் தமிழ்ப் பிரசங்கத்தில் நிலைத்துவிட்டன. ஆனால் விசுவாசம் என்றால் பேச்சுத் தமிழிலே எசமானுக்கு வேலையாள் காட்டும் நன்றி என்ற பொருளும் உண்டு. லூதர் கருதியது அதுவன்று. குழந்தை தாயின் கையை நம்புவதுபோன்ற நம்பிக்கை. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அருள்’, ‘நம்பிக்கை’ என்றே எழுதியது பொருத்தமே.

எங்கள் முஸ்லிம் ஊர்களில் இதற்கு ‘ஈமான்’ என்பர். அது பிறந்த வேரிலிருந்தே ‘அமானிதம்’ என்ற சொல்லும் வந்தது. நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் சாதாரணமாகச் சொல்வார்கள். பள்ளிவாசலில் ஒலிக்கும் ‘ஆமீன்’, தேவாலயத்தில் ஒலிக்கும் ‘ஆமென்’ இரண்டுக்கும் அதே வேர்தான். தம் செயலால் மட்டும் எவரும் சுவர்க்கம் புகார், தாமும் அல்லாஹ்வின் றஹ்மத்தால் சூழப்பட்டாலன்றிப் புகமுடியாது என்று நபியவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. இறைவனை வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்றார் மாணிக்கவாசகர். மூன்று சமயமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நற்செயலின் இடம் எது, மீட்பு யாரால் என்ற கேள்விகளில் வேறுபாடு ஆழமானது. அதை மூடி மறைப்பது மரியாதையாகாது. ஆனால் இறைவன் முன்னே மார்தட்ட எவனுக்கும் உரிமையில்லை என்பதில் மூவரும் உடன்படுகிறார்கள்.

அங்கேதான் வரலாறு நம்மைச் சோதிக்கிறது. தரங்கம்பாடியிலே ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சேவித்தவர். அச்சிட்ட தமிழ் வேதத்தை வாசித்துச் சபைக்கு வந்தவர். பலரைச் சபைக்குக் கொண்டுவந்தவர். 1733 இல் முதலாவது தமிழ்க் குருவானவரைத் தெரிவு செய்தபோது வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் இராப்போசனம் பெற மற்றவர் தயங்குவர் என்பதே காரணம். ஆரோன் தகுதி உடையவரே. குறை அவரிடத்தில் இல்லை. 1718 இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிப்படி வேறு வேறு இடத்தில் அமர்ந்தனர். எவனும் பெருமை பேசலாகாது என்ற பிரசங்கத்தைப் பிறப்பின் பெருமை பேசுவோர் தனியாக உட்கார்ந்து கேட்டனர்.

தாழ்மை வேறு, தாழ்த்தப்படுதல் வேறு. முன்னது ஒருவன் தானே இறங்குவது. பின்னது பிறர் அவனை அமுக்குவது. உயர்ந்த இடத்தில் இருப்பவனுக்குச் சொல்லவேண்டிய தாழ்மையை, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவனுக்கு உபதேசிப்பது எல்லாச் சமயத்தாரும் செய்துவரும் தவறு. லுத்தரன் சபை மட்டும் இதற்கு விதிவிலக்கா? எங்கள் ஊர்களில் குடிப்பெருமையும் பணப்பெருமையும் பேசாத இடம் எத்தனை?

எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசிக்கொண்டே மனக்கசப்போடு வாழ்ந்த காலங்கள் உண்டு. எல்லைக்காகவும் அலுவலகத்துக்காகவும் வாதிட்ட காலங்கள் உண்டு. பக்கத்து வீட்டானின் சமயத்தை ஏற்கவேண்டியதில்லை. அவன் சொல்லின் பொருளையாவது அறிந்துகொள்ளலாம். அதற்குப் பெரிய கல்வி வேண்டாம். 24 வயதில் ஓர் அந்நியன் மணலில் உட்கார்ந்து ‘அ’ எழுதினானே, அந்த அளவு இறங்கத் தெரிந்தால் போதும்.