பாய்க்கலங்களின் வழிவிதிகள்

பாய் விரித்து ஓடும் இரண்டு படகுகள் ஒன்றையொன்று நெருங்கும்போது எது விலக வேண்டும், எது தன் போக்கிலேயே செல்ல வேண்டும் என்பதைச் சொல்பவை வழிவிதிகள். இன்று உலகெங்கும் நடப்பில் இருப்பவை 1972 அக்டோபர் 20 அன்று ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் செயலுக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள். பெரிய எண்ணெய்க் கப்பலுக்கும் ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகுக்கும் ஒரே தொகுப்புதான்.

பேச்சில் இதை ‘வழியுரிமை’ என்பார்கள். அந்தச் சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது. விலக வேண்டிய படகுக்கு ஒரு கடமை இருப்பதுபோலவே மற்றதற்கும் ஒன்று உண்டு: திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்வது. அது திடீரென்று திரும்பினால், விலகுகிறவர் போட்ட கணக்கு பொய்த்துவிடும்.

இவ்விதிகளின் வேர் பாய்க்கப்பல் மாலுமிகளின் வழக்கத்தில் இருக்கிறது. காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும் கப்பலால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும் கப்பலுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆகவே எளிதாக ஓடுவது, சிரமப்படுவதற்கு வழிவிட்டது. இரண்டுமே காற்றை எதிர்த்து ஏறினால், காற்றை இடப்பக்கம் வாங்கும் கப்பல் விலகியது. லண்டனின் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடல்சார் அமைப்பு 1840இல் நீராவிக் கப்பல்களுக்கு விதி வகுத்தபோது, பாய்க்கப்பல்களின் இந்த வழக்கத்தைத்தான் அடிப்படையாகக் காட்டியது.

நீராவி வந்தபின் வழக்கம் மட்டும் போதவில்லை. 1848இல் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களுக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பாய்மரத்தில் வெள்ளை என விளக்குகள் விதிக்கப்பட்டன. பாய்க்கப்பல்களுக்கு வண்ண விளக்குகள் கட்டாயமானது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1858இல். பிரிட்டனும் பிரான்சும் கலந்து வகுத்த விதிகள் 1863இல் நடைமுறைக்கு வந்தன. மறு ஆண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அவற்றை ஏற்றன. 1889இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அவற்றைத் திருத்தியது.

பாய்ப்படகு ஓட்டுபவருக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் 1960ஆம் ஆண்டுத் திருத்தம். அது 1965இல் செயலுக்கு வந்தது. அதுவரை, எதிரே வருவது காற்றை எதிர்த்து ஏறுகிறதா, தளர்வாக ஓடுகிறதா என்று தொலைவிலிருந்தே ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த ஊகத்தைத் திருத்தம் அடியோடு நீக்கியது. காற்று வெவ்வேறு பக்கங்களில் பட்டால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலகும். இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் பட்டால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு மற்றதற்கு விலகும். அவ்வளவுதான். யாருக்குச் சிரமம் என்ற பழைய, நியாயமான கேள்வியைக் கைவிட்டு, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வைத்து முடிவெடுக்கச் சொன்னது துணிச்சலான மாற்றம். சரியான மாற்றமும்கூட. நியாயத்தை எடைபோட நேரம் இல்லாத இடம் கடல்.

பெரிய பாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமே காற்று வரும் பக்கமாகக் கொள்ளப்படும். இருட்டில் பாய் தெரியாவிட்டால் என்ன செய்வது? 1972 விதிகளின் 12ஆம் விதி அதற்கும் வழி சொல்கிறது: இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, காற்று வரும் பக்கத்தில் ஒரு பாய்க்கலத்தைக் கண்டு, அதற்கு எந்தப் பக்கம் காற்றென்று உறுதியாகத் தெரியாவிட்டால், தானே விலக வேண்டும்.

முந்துவதற்கும் இப்படியே. முந்துகிற கலம் எதுவானாலும், பாய்ப்படகு இயந்திரப் படகை முந்தினாலும், அதுவே விலக வேண்டும். பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் 112.5 பாகை, பின்விளக்கு 135 பாகை. மூன்றும் சேர்ந்தால் முழு வட்டம். இரவில் முன்னால் போகும் படகின் பின்விளக்கு மட்டும் தெரிகிறதென்றால், நீங்கள் முந்தும் நிலையில் இருக்கிறீர்கள். மோதும் ஆபத்தை அறியவும் கண்ணால் காண்பது உதவும். உங்கள் படகு நேராகப் போய்க்கொண்டிருக்க, எதிர்க்கலம் திசைகாட்டியில் ஒரே கோணத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், ஆபத்து உண்டு.

இயந்திரக் கலங்கள் பாய்க்கலத்துக்கு விலக வேண்டும் என்பது 18ஆம் விதி. ஆனால் வலை போன்ற கருவிகளால் திரும்ப முடியாமல் மீன்பிடிக்கும் கலத்துக்குப் பாய்ப்படகுதான் விலக வேண்டும். குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பத்திரமாகச் செல்லக்கூடிய கப்பலுக்கும் அது தடையாக நிற்கக் கூடாது. 18ஆம் விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு துறைமுக வாயிலில் பெரிய கப்பலுக்குக் குறுக்கே போகிறவர், விதியையும் மீறுகிறார், உயிரையும் பணயம் வைக்கிறார்.

வழி மாறாமல் செல்லும் படகுக்கு 1972 விதிகள் ஒரு தளர்வையும் தந்தன. முன்பு, விலகுகிறவர் ஒருவரால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கடைசிக் கட்டம்வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது, எதிரே இருப்பவர் விலகவில்லை என்பது தெளிவானதுமே தானாக நடவடிக்கை எடுக்கலாம். அந்தக் கடைசிக் கட்டம் வந்துவிட்டால், எடுத்தே ஆக வேண்டும்.

பாய் விரித்திருந்தும் இயந்திரத்தால் உந்தப்படும் படகு, இயந்திரப் படகாகவே கணக்கிடப்படும். இயந்திரம் ஓடுவது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் அத்தகைய படகு பகலில் முன்புறத்தில், முனை கீழ்நோக்கியபடி ஒரு கறுப்புக் கூம்பைத் தொங்கவிட வேண்டும்.