கோபுரமில்லாத சபை: மலாக்காத் தோட்டங்களும் இக்காலக் கிறித்தவ இறையியலும்

மலாக்கா நகரின் நடுவே செந்நிறச் சுவர்களோடு நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை அறியாதார் இலர். டச்சுக்காரர் 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடித்தது அது. மலாக்காவில் புரொட்டஸ்டண்டு எனப்படும் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு என்றவுடன் மாணவர் மனத்தில் எழுவது அந்தக் கட்டடமே. தமிழரைப் பொறுத்தவரை அவ்வரலாறு பெரிதும் கட்டடமின்றியே நடந்தது. மேலைநாட்டு இறையியலாளர் இன்று புதியன என்று ஆராயும் சபை வடிவங்கள் சில, நம் பால்மரக் காடுகளில் ஆரவாரமின்றி வழங்கியவை என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில் மொழி நின்ற நிலையைக் காண்போம். 1815இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் மில்னே மலாக்காவில் பணி தொடங்கினார். அங்கு வந்த மிஷனரிமார்க்கு மலாய் கற்பித்த முன்ஷி அப்துல்லா, தமிழ் மரபும் அரபு மரபும் கலந்த குடும்பத்தில் 1796இல் அந்நகரில் பிறந்தவர். சிறுவயதில் தம்மைத் தமிழ் பயில அனுப்பியதையும், வணிகக் கணக்குக்குத் தமிழ் வேண்டியிருந்தமையால் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பித்ததையும் தம் வரலாற்று நூலில் அவர் குறித்துள்ளார். இசுலாத்தில் உறுதியாக நின்ற அவ்வறிஞரே நற்செய்தி நூல்களின் மலாய்ப் பெயர்ப்புக்கும் துணைநின்றார். அன்றைய மலாக்காவில் தமிழ், வீட்டுக்குள் ஒடுங்கிய மொழியன்று.

அந்நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதன் பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபட்டோர். அவரிடையே லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபினரான கிறித்தவக் குடும்பங்கள் சிலவும் இருந்தன.

அக்குடும்பங்கள் கூடியது எங்கே? லயத்து வீட்டின் முன்னறையில், தோட்டப் பள்ளியில், சில வேளை மர நிழலில். பல தோட்டங்களைச் சுற்றி வர வேண்டிய போதகர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் வேதம் வாசித்தவர் ஒரு கிராணியாகவோ, பள்ளி ஆசிரியராகவோ, எழுத்தறிந்த முதியவராகவோ இருப்பார். எழுத்தறியாதார் கீர்த்தனைகளைக் கேட்டே மனனம் செய்தனர். இதனை ஏழ்மையின் விளைவு என்று மட்டும் கொள்வது முழு உண்மையாகாது. மெதடிஸ்டு மரபின் அடிப்படையே பன்னிருவர் அளவிலான சிறு குழுதான். ஜான் வெஸ்லியின் அக்குழு முறை 1742இல் பிரிஸ்டல் நகரில், வழிபாட்டு இல்லத்தின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி தண்டியதிலிருந்து பிறந்தது. கடனுக்கும் சில வேளை நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது!

இனி, இக்கால இறையியலுக்கு வருவோம். 1979இல் பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார், அனைத்தையும் ஒருசேர விளக்கிவிடும் பெருங்கதையாடல்களின் மீது மக்கள் நம்பிக்கை இழந்துவிட்ட நிலையே பின்நவீனத்துவம் என்றார். அரசியல் கோட்பாட்டுக்கு நேர்ந்த இச்சோதனை சமயத்துக்கும் நேர்ந்தது. மேலைநாட்டு ஆலயங்கள் வெறிச்சோடின. பீடத்தில் நின்று சொல்வதாலேயே ஒரு சொல்லுக்கு அதிகாரம் வந்துவிடாது என்ற காலத்தில் சபை எவ்வாறு பேசும்?

இவ்வினாவை ஆழ்ந்து எழுப்பியவருள் லெஸ்லி நியூபிகின் குறிப்பிடத்தக்கவர். 1909இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் 1936இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறிப் பயின்றார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை, இராமநாதபுரம் பகுதிக்குப் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னையில் அப்பொறுப்பை வகித்தார். குருமார் அரியராய், உபதேசியாரும் எளிய மக்களும் தாங்கிநின்ற சிற்றூர்ச் சபைகளே அவர் பயின்ற பள்ளி. நம் தோட்டத்துச் சபைகளுக்கும் அவற்றுக்கும் அமைப்பில் வேறுபாடு மிகுதியில்லை.

1973ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாங்காக் நகரில் நடந்த மாநாட்டில், அருகிருந்த இந்தோனேசியப் படைத்தலைவர் சிமாதுபாங், மேலைநாடுகளை மனந்திருப்ப இயலுமா என்பதே தலையாய வினா என்று மெல்லச் சொன்னாராம். அவ்வினா நியூபிகினை விடவில்லை. மறு ஆண்டு ஓய்வு பெற்று, மனைவியுடன் பெரிதும் பேருந்துகளிலேயே பயணம் செய்து தாயகம் மீண்ட அவர், பின்னர் பர்மிங்காம் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சிறு சபைக்குப் போதகரானார். 1989இல் வெளிவந்த, பன்மைச் சமூகத்தில் நற்செய்தி பற்றிய நூலில், நற்செய்தியை நம்பும்படி விளக்கவல்லது அதன்படி வாழும் சபையே என்று வாதிட்டார். நம் மரபில் சொல்வதாயின், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் போல மூலத்துக்குச் சபையே உரையாசிரியர். 2004இல் இங்கிலாந்துத் திருச்சபையின் அறிக்கை ஒன்று உணவகத்திலும் வீட்டிலும் பணியிடத்திலும் கூடும் சபைகளை ஏற்றுப் பரிந்துரைத்தபோது, இச்சிந்தனையின் தாக்கமும் அதில் இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். புதிய சபைகள் பெரும்பாலும் விருப்பத்தால் கூடுபவை. இசையும் வயதும் வாழ்க்கைமுறையும் ஒத்தோர் ஒன்றுசேர்வர். இவ்வாறு ஒத்தவரை ஒத்தவரோடு சேர்த்துச் சபை வளர்க்கும் முறையை நியூபிகினே கடிந்துரைத்தார். தோட்டத்துச் சபையிலோ தேர்வுக்கு இடமில்லை. அடுத்த வீட்டாரோடு பகையிருந்தாலும் திருவிருந்தில் அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அவ்வகையில் பழைய வடிவமே கடினமானது; ஆழமானதும் அதுவே என்பது என் துணிபு.

அவ்வடிவம் இன்று கலைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்தது, குடும்பங்கள் நகரத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. வீட்டுக் கூட்டங்களும் இசைக்குழு வழிபாடும் நகரில் பெருகியுள்ளன. மலேசிய மெதடிஸ்டு திருச்சபை தன் நிருவாகத்தையே மொழிவழியாக வகுத்து, தமிழுக்கு ஓர் ஆண்டு மாநாடும் ஆங்கிலத்துக்கு வேறொன்றும் வைத்துள்ளது. ஆகவே ஓர் இளைஞன் தமிழ் வழிபாட்டை விட்டு ஆங்கில வழிபாட்டுக்குச் செல்லும்போது, பாட்டனார் இருந்த நிருவாக எல்லையையும் கடந்துவிடுகிறான்.

தமிழ்ச் சபையிலேயே இருக்கும் இளையோரின் நிலையும் எண்ணத்தக்கது. தமிழ் படிக்க இயலாதார்க்கென்று திரையில் தமிழ்ப் பாடல்கள் உரோமன் எழுத்தில் காட்டப்படுவது இன்று பரவிவரும் வழக்கம். லயத்து முன்னறையில் எழுத்தறியாத தாய் கேட்டே மனனம் செய்த அதே கீர்த்தனையை, பட்டம் பெற்ற பேத்தி வேற்றெழுத்தில் வாசித்துப் பாடுகிறாள்.