கிறிஸ்துமஸ் பலகாரம்: கப்பலில் வந்ததும் காலனியில் வளர்ந்ததும்

பண்டிகை என்பது ஒரு வீட்டில் தொடங்கினும் ஒரு வீட்டோடு முடிவதன்று. தீபாவளிக்கு நாம் சுட்ட அதிரசம் அண்டை வீட்டுக் குழந்தையின் கைக்குச் சென்ற பிறகே அது பண்டிகைப் பலகாரம் எனும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் கோவிந்தாபுரம் எல்லைப் பகுதியிலும், பாலக்காட்டுப் பக்கத்து ரயில்வே காலனிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும், ஆண்டுதோறும் மார்கழிக் குளிரில் நம்மிற் சிலர் வீடுகளில் சுடப்பட்டுப் பலர் வீடுகளில் உண்ணப்படும் கிறிஸ்துமஸ் பலகாரத்தின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அஃது அயலாரின் பண்டம் என்று கருதுவோரும் நம்மிடையே உளர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கினார். 1503இல் கொச்சியிலே போர்த்துகீசியரின் கோட்டை எழுந்தது. 1510இல் கோவா அவர்கள் வசமாயிற்று. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். வந்தவர்கள் மிளகை ஏற்றிச் சென்றார்கள். தம் சொற்களையும் சமையல் முறைகளையும் இங்கே இறக்கி விட்டுச் சென்றார்கள். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. நம் பாட்டிமார் ‘பிஸ்கோத்து’ என்று சொன்னபோது, ஆங்கிலச் சொல்லைத் திரித்துச் சொல்வதாக நாம் நகைத்ததுண்டு. உண்மையில் அஃது ஆங்கிலத்தைக் காட்டிலும் ‘பிஸ்கோயித்து’ என்னும் போர்த்துகீசியச் சொல்லுக்கே நெருங்கியது. இருமுறை சுட்டது என்பது அதன் மூலப் பொருளாகும்.

ஐரோப்பியர் தம் பண்டங்களை மூடிய அடுப்பிலே சுட்டெடுத்தனர். நம் சமையற்கட்டிலோ அத்தகைய அடுப்பு இல்லை. விறகடுப்பும் இருப்புச் சட்டியும் எண்ணெயுமே இருந்தன. ஆகவே, வந்த பண்டங்களுள் எண்ணெயில் பொரிப்பனவே நம் வீடுகளில் எளிதாக வேரூன்றின. கோதுமைக்குத் துணையாக அரிசி வந்தது. பசும்பாலின் இடத்தில் தேங்காய்ப்பால் வந்தது. பெயர் எங்கிருந்து வந்திருப்பினும், கை நம் பெண்மக்களின் கையாகவே இருந்தது.

அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இதனை அச்சப்பம் என்பர். ஆங்கிலோ இந்தியர் ரோஸ் குக்கீஸ் என்பர். நீண்ட காம்பின் நுனியில் பூவடிவ இரும்பு அச்சு இருக்கும். அதனை முதலில் கொதிக்கும் எண்ணெயில் நன்கு காய வைத்து, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்த கரைசலில் தோய்க்க வேண்டும். கரைசல் அச்சின் மேல் விளிம்பைத் தாண்டலாகாது. தாண்டினால் பூ அச்சை விட்டுக் கழலாது. அச்சு சூடேறாவிட்டால் மாவு பற்றாது. இத்துணை நுட்பம் உடைய இப்பண்டம் இலங்கையில் கொக்கிஸ் எனப்படுகிறது. 1658 முதல் 1796 வரை அத்தீவின் கரையோரங்களை ஆண்ட டச்சுக்காரரின் ‘கூக்கியெஸ்’ என்னும் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்பர். ஆங்கிலத்துக் குக்கீ என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே. இன்று இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுப் பலகாரங்களில் கொக்கிஸுக்குச் சிறப்பிடம் உண்டு. அயலார் தந்த பெயரைக் கொண்ட பண்டம் அந்நாட்டாரின் புத்தாண்டுப் பண்டமாகிவிட்டது காண்க!

அடுத்தது கல்கல். கோவாவில் குல்குல் எனப்படுவது இதுவே. மைதா மாவைத் தேங்காய்ப்பாலும் முட்டையும் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, புதுச் சீப்பின் பற்களிலோ முட்கரண்டியின் முதுகிலோ வைத்து அழுத்திச் சுருட்டினால் சங்குபோல் வரிகள் விழும். பின்னர்ப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவர். இது தனியொருவர் செய்யும் பண்டமன்று. பாட்டி முதல் பேரன் வரை வட்டமாக அமர்ந்து உருட்டினால்தான் ஒரு டின் நிறையும்.

தூத்துக்குடி மக்ரூனும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்படும் அப்பண்டம் தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெண்கரு ஆகிய மூன்றால் உருவாகிறது. அம்முந்திரி மரமும் போர்த்துகீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்ததே. மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்னும் பெயர் உண்டு. இன்று முந்திரியை அயல் மரம் என்று ஒதுக்குவார் யார்? நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்தோ பெயரில் முந்திரியைக் கொண்டிருப்பினும் வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் சேர்ந்த பண்டமாகும். தீபாவளிக்கு இந்துக்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவர் வீட்டிலும் அதே முந்திரிக்கொத்து உருளுகிறது.

அடுப்பில் சுடும் கேக்கின் கதை வேறு. பர்மாவில் இருந்து திரும்பிய மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பாக்டரி என்னும் நிலையத்தைத் தொடங்கினார். 1883இல் பிரவுன் என்னும் ஆங்கிலத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, அதுபோல் செய்து தருமாறு கேட்டார் என்றும், பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துப் பாப்பு செய்து காட்டினார் என்றும், உண்டு மகிழ்ந்த துரை மேலும் ஒரு டஜன் வேண்டினார் என்றும் கூறுவர். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று தலச்சேரியார் பெருமையோடு போற்றுவது இதனையே. இங்கும் கண்டு தெளிக: மாதிரி கடல் கடந்தது, கைத்திறன் நம் மண்ணினது.

இப்பலகாரங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றதில் இருப்புப்பாதைக்கும் பெரும் பங்குண்டு. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை பாதை முழுமை பெற்றது. போத்தனூர் முதலிய சந்திப்புகளில் எஞ்சின் ஓட்டுநராகவும் கார்டாகவும் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. 1932இல் பொள்ளாச்சி, பாலக்காடு இடையே மீட்டர்கேஜ் பாதை நம் மீனாட்சிபுரம், முதலமடை வழியே வந்தது. 1956இல் ஒலவக்கோடு கோட்டம் அமைந்தது. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்களோடு பூவச்சும் வண்டியேறியது. தஞ்சாவூர்க்காரர் வீட்டுக்கு அடுத்து நாகர்கோவில்காரர் வீடு, அதற்கடுத்து ஆங்கிலோ இந்தியர் வீடு என்றிருந்த குடியிருப்புகளில் செய்முறை சுவரைத் தாண்டிச் செல்ல எத்துணை நேரம் ஆகும்?

அக்குடியிருப்புகளில் நாம் கண்ட வழக்கம் ஒன்றை இங்கே பதிவு செய்தல் கடமையாகும். முட்டை உண்ணாத அண்டை வீட்டாருக்கென்று கிறிஸ்தவத் தாய்மார் முட்டை சேர்க்காத மாவைத் தனியே பிசைவர். அதனைப் புதிதாக ஊற்றிய எண்ணெயில் முதல் ஈடாகப் பொரித்துத் தனி டின்னில் எடுத்து வைத்த பின்னரே தம் வீட்டுக்குரிய மாவை எண்ணெயில் இடுவர். பண்டிகை அவர்களுடையது, முதல் எண்ணெய் பிறருடையது! பெற்ற வீட்டாரும் அத்தட்டை வெறுமையாகத் திருப்பியதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்தே அனுப்பினர். பொங்கலன்று அதே தட்டில் சர்க்கரைப் பொங்கல் சென்றது. ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுவோர் பலர். எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று அதனைச் செய்து காட்டியவர் இத்தாய்மாரே.

இன்று நிலைமை மாறி வருகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியருக்கு ரயில்வே போன்ற துறைகளில் இருந்த சலுகையைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டில் முடித்தது. அவர்களில் பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய வீடுகளிலும் நம் வீடுகளிலும் நேரம் அருகிவிட்டது. கடையில் வாங்கிய பெட்டி கைமாறுகிறது. பெட்டியைக் குறை கூறுவதற்கில்லை. அதுவும் அன்பின் அடையாளமே. ஆயினும், அண்டை வீட்டார் எதை உண்பர், எதை உண்ணார் என்று எண்ணிப் பிசைந்த மாவுக்கு அது ஈடாகாது. மேலும், பெட்டிக்குப் பதில் தட்டு இல்லை; திருப்பி அனுப்ப வேண்டிய கலம் இல்லாதபோது திரும்பிச் செல்லும் காலடியும் இல்லாமற் போகிறது.

ஆதலின் சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் துருவேறிக் கிடக்கும் பூவச்சை இறக்குங்கள். ஓய்வு நாளொன்றில் நம் பிள்ளைகளை, எவ்வீட்டுப் பிள்ளைகளாயினும் சரி, வட்டமாக அமரச் செய்து சீப்பில் கல்கல் உருட்டக் கற்றுக் கொடுங்கள். மொழியை ஏட்டில் காப்பது போலவே உறவைத் தட்டில் காக்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அடுத்த வீடே ஊர். அடுத்த வீட்டாரே உறவினர். அவ்வுறவு வளர்க! தட்டுகள் நிறைந்து சென்று நிறைந்தே திரும்புக!